கிரீட் தீவின் பழைய அரண்மனைகள்: கேள்வியும் பதிலும்

கிரேக்கத்துக்குத் தெற்கே, மத்தியதரைக் கடலில் இருக்கும் கிரீட் தீவின் இடிபாடுகளைப் பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தேன். கேள்விகள் குவிந்துவிட்டன. வந்த வரிசையிலேயே பதில் எழுதுகிறேன். விசா, விமான டிக்கெட், ஹோட்டல் எல்லாம் என் துறை இல்லை, அவற்றை விட்டுவிடுகிறேன்.

கேள்வி: எங்கள் கப்பல் ஹெராக்லியோன் துறைமுகத்தில் ஆறு மணி நேரம்தான் நிற்கும். க்னோஸோஸ் அரண்மனை, மியூசியம் இரண்டையும் பார்க்க முடியுமா?

பதில்: முடியும். கப்பல் காலையில் வந்து சேர்ந்தால் முதலில் க்னோஸோஸ், பிறகு மியூசியம். அரண்மனை நகரத்திலிருந்து ஐந்து கிலோமீட்டர் தூரம்தான். 2ஆம் எண் டவுன் பஸ் அங்கேயே போய் நிற்கும். டிக்கெட்டை இணையத்தில் நேரம் குறித்து முன்பே வாங்கிவிடுங்கள். கோடையில் பதினொரு மணிக்கு மேல் அங்கே நிற்க வேண்டாம். நிழல் குறைவு, தரை முழுக்கக் கல், அதற்குள் சுற்றுலா பஸ்களும் வந்து கூட்டம் நெரியும். அந்த நேரத்தில் மியூசியத்துக்குள் இருப்பதே நல்லது.

கேள்வி: சிம்மாசன அறைக்கு நீண்ட வரிசை நிற்குமாமே? காத்திருக்கத் தகுமா?

பதில்: தகும். ஆனால் எதைப் பார்க்கிறோம் என்று தெரிந்து நில்லுங்கள். உள்ளே விடமாட்டார்கள், தடுப்புக்கு இப்பால் நின்றுதான் பார்க்க வேண்டும். உள்ளே சுவரோரமாக இருக்கும், உயரமான முதுகு வைத்த ஜிப்சம் கல் நாற்காலி உண்மையானது. 1900இல் தோண்டியபோது எந்த இடத்தில் கிடைத்ததோ அதே இடத்தில் இருக்கிறது. அதன் இரண்டு பக்கமும் கழுகுத் தலையும் சிங்க உடலுமாகப் படுத்திருக்கும் விலங்குகளின் ஓவியம் இருபதாம் நூற்றாண்டு வேலை. முன்னறையில் உள்ள மர நாற்காலி நகல். நிறையப் பேர் அதைப் படம் எடுத்துக்கொண்டு அசலைச் சரியாகப் பார்க்காமலே நகர்ந்துவிடுகிறார்கள்.

கேள்வி: க்னோஸோஸில் எது அசல், எது பிற்காலத்தில் கட்டியது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? படங்களில் எல்லாமே புதிதாகத் தெரிகிறது.

பதில்: இந்தக் கேள்வியோடு போனால்தான் க்னோஸோஸ் புரியும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அங்கே இருப்பவை இரண்டு கட்டடங்கள், ஒன்றின் மேல் ஒன்றாக. கீழே இருப்பது வெண்கலக் காலத்தில் கிரீட்டில் வாழ்ந்த மினோவன் மக்களின் அரண்மனை. கி.மு. 1900 வாக்கில் எழுந்து, கி.மு. 1700 வாக்கில் இடிந்து, மறுபடி பெரிதாகக் கட்டப்பட்டது. மேலே இருப்பது ஆர்தர் எவன்ஸ் என்ற ஆங்கிலேயர் இருபதாம் நூற்றாண்டின் முதல் முப்பது ஆண்டுகளில் கட்டியது. அந்த மேட்டை முதலில் தோண்டிப் பார்த்தவர் எவன்ஸ் இல்லை. மினோஸ் கலோகைரினோஸ் என்ற உள்ளூர்க்காரர் 1878லேயே தோண்டிப் பெரிய தாழிகளை எடுத்திருந்தார். எவன்ஸ் நிலத்தை விலைக்கு வாங்கி 1900இல் பெரிய அளவில் வேலையைத் தொடங்கினார்.

தூண்களில் தொடங்குங்கள். மேலே பருத்துக் கீழே சிறுத்திருக்கும் அந்தச் சிவப்புத் தூண்களில் ஒன்றுகூட அசல் இல்லை. மினோவன் தூண்கள் மரத்தால் ஆனவை. எரிந்தும் மக்கியும் போய்விட்டன. வடிவம் பழைய சுவரோவியங்களிலிருந்து எடுத்தது. அப்புறம் உத்தரங்களைப் பாருங்கள். மஞ்சள் கலந்த பழுப்பு நிறத்தில் மரம் மாதிரி தெரியும். கிட்டே போனால் கான்கிரீட், மேலே வண்ணம் பூசியிருக்கிறார்கள். இப்போது கண்ணை முழங்கால் உயரத்துக்கு இறக்குங்கள். சுவர் அடியில் பெரிய கல் பலகைகள் நிறுத்தியிருக்கும். மழையில் கரைந்து, ஓரம் மழுங்கி, வெயில் பட்டால் சின்னச் சின்னதாக மினுக்கும். அது ஜிப்சம். மூவாயிரத்து ஐந்நூறு ஆண்டுக்கு முன்பு வைத்த கல். பொதுவாகச் சொன்னால் உங்கள் இடுப்புக்குக் கீழே இருப்பது மினோவன், தலைக்கு மேலே இருப்பது எவன்ஸ்.

சுவரோவியங்களை மியூசியத்தில் பார்க்கும்போதும் இதே கண் வேண்டும். அங்கே உள்ள ‘அல்லி இளவரசன்’ ஓவியத்தைப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். அசல் துண்டுகள் சற்றே புடைத்து, சொரசொரப்பாக, மங்கலாக இருக்கும். இடையில் உள்ள வழவழப்பான இடமெல்லாம் பிற்காலத்தில் வரைந்தது. கிரீடம், மார்பு, காலின் ஒரு பகுதி கிடைத்தன. முகம் கிடைக்கவே இல்லை. அந்தத் துண்டுகள் ஒரே உருவத்துடையவைதானா என்றே இன்று பல அறிஞர்கள் சந்தேகப்படுகிறார்கள். இன்னொரு ஓவியத்தில் குங்குமப்பூ பறிக்கும் சிறுவன் என்று எவன்ஸ் நினைத்து முழுமையாக்கியது உண்மையில் ஒரு நீலக் குரங்கு என்று பின்னால் தெரிந்தது.

கேள்வி: நான் சிவில் இன்ஜினியர். அந்தக் கான்கிரீட்டை எல்லோரும் திட்டுகிறார்கள். அது இல்லையென்றால் மேல்மாடி நின்றிருக்குமா?

பதில்: நின்றிருக்காது சார், குறிப்பாகப் பெரிய படிக்கட்டு. கிழக்குப் பக்கத்தில் மாடி மாடியாக இறங்கும் அந்தப் படிக்கட்டைத் தாங்கிய மரத் தூண்கள் அழிந்த பிறகும், உள்ளே நிறைந்த இடிபாட்டு மண்தான் மேல் படிகளை அந்தரத்தில் பிடித்து வைத்திருந்தது. மண்ணை அள்ள அள்ள மேலே உள்ளது சரியும். சுரங்க வேலை போல முட்டுக் கொடுத்துக்கொண்டே தோண்டினார்கள். முதலில் மரம் வைத்தார்கள், உளுத்துப்போனது. இரும்பு உத்தரம் வைத்தார்கள், செலவு தாங்கவில்லை. 1920களில்தான் கம்பி வைத்த கான்கிரீட்டுக்கு வந்தார்கள். 1926இல் பெரிய நிலநடுக்கம் வந்தது. தன் கட்டுமானம் அதைத் தாங்கியது என்று எவன்ஸ் கடைசிவரை பெருமைப்பட்டார். படிக்கட்டு விஷயத்தில் நான் அவர் பக்கம்.

கேள்வி: அதை ஒப்புக்கொள்ள முடியாது. தாங்குவதற்கு முட்டு வைப்பது வேறு, கற்பனையாக ஒரு மாடியே கட்டி வண்ணம் பூசுவது வேறு. பார்க்கிறவனை ஏமாற்றுவதில்லையா அது?

பதில்: நீங்கள் சொல்லும் வேறுபாடு சரி. மேற்குப் பகுதியின் மேல்தளத்துக்கு ‘பியானோ நோபிலே’ என்று இத்தாலிய மாளிகைகளின் முதன்மைத் தளத்துக்குரிய பெயரை வைத்தவரே எவன்ஸ்தான். மேலிருந்து விழுந்த கற்களையும் கீழ்ச் சுவரின் தடிமனையும் வைத்து ஊகித்துக் கட்டியது அது. படிக்கட்டுக்கு இருந்த சான்றில் பாதிகூட அதற்கு இல்லை. அதை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் ‘ஏமாற்று’ என்ற சொல் பொருந்தாது. என்ன கிடைத்தது, எதை எங்கே சேர்த்தோம் என்று குறிப்பேடும் வரைபடமும் வைத்திருந்தார்கள். தளத்தில் இருந்து அன்றாடக் குறிப்பு எழுதிய டங்கன் மெக்கென்ஸியின் ஏடுகளை வைத்துத்தான் இன்றைய அறிஞர்கள் எவன்ஸின் முடிவுகளையே கேள்வி கேட்கிறார்கள்.

கேள்வி: இடையில் வருகிறேன். கான்கிரீட் வேண்டாம், மேலே ஒரு கூரை போட்டால் போதாதா? சாண்டொரினியில் அப்படித்தானே செய்திருக்கிறார்கள்?

பதில்: அக்ரோதிரியைச் சொல்கிறீர்கள். சாண்டொரினி என்ற எரிமலைத் தீவில், 1967இல் ஸ்பிரிடோன் மரினாடோஸ் என்ற கிரேக்கத் தொல்லியலாளர் தோண்டத் தொடங்கிய, எரிமலைச் சாம்பலில் புதைந்த ஊர். அங்கே சுவர்கள் சாம்பலுக்குள் இரண்டு மூன்று மாடி உயரத்துக்கு அப்படியே நின்றன. க்னோஸோஸ் எரிந்து சரிந்த இடம், இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது. கூரையும் ஆபத்தில்லாதது இல்லை. 2005இல் அக்ரோதிரியின் புதுக் கூரையில் ஒரு பகுதி இடிந்து விழுந்து, பார்க்க வந்த ஒருவர் இறந்தார். 2012 வரை தளத்தை மூடி வைத்திருந்தார்கள். ஆனாலும் கொள்கையாக நீங்கள் சொல்வதுதான் இன்றைய வழி. கூரையை நாளைக்குக் கழற்றிவிடலாம், எவன்ஸின் கான்கிரீட்டைக் கழற்றினால் அசல் சுவரும் சேர்ந்து போய்விடும்.

கேள்வி (மறுபடி அந்த இன்ஜினியர்): அந்தக் காலத்துக் கான்கிரீட்டில் கம்பி துருப்பிடித்திருக்குமே?

பதில்: பிடித்திருக்கிறது. துருவேறிய கம்பி பருத்து மேல்பூச்சைப் பிளக்கும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இப்போது அங்கே பாதுகாக்க வேண்டிய பழம்பொருள் இரண்டாகிவிட்டது: மினோவன் கல்லும் எவன்ஸின் நூறு வயதுக் கான்கிரீட்டும். இந்த விவாதத்தை நாள் முழுக்க என்னால் தொடர முடியும். ஆனால் மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கேள்வி: காளைத் தலை மனிதனான மினோட்டாரை அடைத்துவைத்த புதிர்மாளிகை எந்தப் பகுதியில் இருக்கிறது?

பதில்: அப்படி ஓர் அறையோ கட்டடமோ இல்லை. கதை பிற்காலக் கிரேக்கருடையது. நூற்றுக்கணக்கான அறைகளும் வளைந்து திரும்பும் வழிகளும் காளை ஓவியங்களும் உள்ள இடிபாடு அந்தக் கதைக்கு விதையாக இருந்திருக்கலாம் என்பார்கள். காளை மேல் தாவும் வீரர்களின் ஓவியம் மியூசியத்தில் இருக்கிறது, அதைத் தவறவிடாதீர்கள்.

கேள்வி: சாண்டொரினி எரிமலையால்தானே மினோவன் நாகரிகம் அழிந்தது?

பதில்: 1939இல் மரினாடோஸ் முன்வைத்த கருத்து அது. கேட்க நன்றாக இருப்பதால் இன்னும் நிற்கிறது. வெடிப்பு கி.மு. 1600 வாக்கில் அல்லது அடுத்த நூற்றாண்டில் நடந்தது என்கிறார்கள், ஆண்டு பற்றிச் சண்டை தீரவில்லை. கிரீட்டின் அரண்மனைகள் எரிந்தது கி.மு. 1450 வாக்கில். இடையில் பல தலைமுறைகள் நன்றாகவே வாழ்ந்திருக்கிறார்கள். எரிமலை அவர்களைப் பலவீனப்படுத்தியிருக்கலாம், ஒரே நாளில் அழித்துவிடவில்லை.

கேள்வி: அண்ணா, மினோவன் எழுத்து தமிழ் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். உண்மையா?

பதில்: இல்லை தம்பி. அங்கே கிடைத்த எழுத்துகளில் ‘லீனியர் பி’யை 1952இல் மைக்கேல் வென்ட்ரிஸ் படித்தார், அது பழைய கிரேக்கம். ‘லீனியர் ஏ’வை இன்றுவரை யாரும் படிக்கவில்லை. படிக்காத எழுத்தின் மொழி இன்னது என்று எவர் சொன்னாலும் நம்ப வேண்டாம். கிரீட்டிலிருந்து குடியேறியவர்களுக்கு ‘டெர்மிலை’ என்று பெயர் என பழங்காலக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியதை, தமிழரைக் குறிக்கும் ‘திரமிள’ என்பதோடு சேர்த்துப் பேசும் வழக்கம் பழையது. ஒலி ஒற்றுமையைத் தவிர அதில் வேறு ஆதாரம் இல்லை.

கேள்வி: க்னோஸோஸ் பார்த்தால் போதுமா? ஃபைஸ்டோஸும் ஓர் இடிந்த அரண்மனைதானே, அவ்வளவு தூரம் போக வேண்டுமா?

பதில்: போங்கள். ஒரு நாள் கடற்கரையை விட்டுக்கொடுத்தாவது போங்கள். க்னோஸோஸ் பார்த்தவர் ஃபைஸ்டோஸ் பார்க்காவிட்டால் பாதிதான் பார்த்திருக்கிறார்.

ஹெராக்லியோனிலிருந்து தெற்கே சுமார் 60 கிலோமீட்டர். பஸ் உண்டு, ஆனால் குறைவு. திரும்பும் பஸ் நேரத்தைக் கேட்டுக்கொண்டு ஏறுங்கள். இத்தாலியர்கள் தோண்டிய இடம் அது. எவன்ஸ் செய்ததுபோலக் கட்டி எழுப்பாமல், கிடைத்ததைப் பெரும்பாலும் கிடைத்தபடியே விட்டார்கள். குன்றின் மேல் நீளமான கல் பாவிய முற்றம், அகன்ற படிகள், கீழே மெஸாரா சமவெளி, வடக்கே பனி உருகும் வரை வெள்ளையாக நிற்கும் ஸிலோரிடிஸ் மலை. மினோவன்கள் ஏன் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று யாரும் விளக்காமலே புரியும். க்னோஸோஸில் சுவர் உயரம் தெரியும், ஃபைஸ்டோஸில் தரை அமைப்பு தெரியும். நடுவில் முற்றம், நீளவாக்கு வடக்கு தெற்காக, சுற்றிலும் அறைகள். இரண்டும் ஒரே அமைப்புதான் என்பதை அங்கே முற்றத்தில் நின்றுதான் உணர முடியும்.

போகும் வழியிலேயே கோர்டின். ரோமானியர் காலத்தில் தீவின் தலைநகரம். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டுச் சட்டத்தைச் சுவரில் வெட்டி வைத்திருக்கிறார்கள், பன்னிரண்டு பத்திகள், சுமார் அறுநூறு வரி. ஒரு வரி வலமிருந்து இடம், அடுத்தது இடமிருந்து வலம், ஏர் உழுது திரும்புவதைப் போல. சொத்துப் பங்கு, விவாகரத்து, தத்தெடுப்பு எல்லாம் அதில் இருக்கிறது. கம்பித் தடுப்புக்கு வெளியே நின்றே எழுத்துகளைத் தெளிவாகப் பார்க்கலாம்.

கேள்வி: ஃபைஸ்டோஸ் தட்டு அங்கேதான் இருக்கிறதா?

பதில்: யாரும் படிக்காத குறிகள் பதித்த அந்தக் களிமண் வட்டு 1908இல் கிடைத்தது அங்கே. இருப்பது ஹெராக்லியோன் மியூசியத்தில்.

கேள்வி: மினோட்டாரை அடைத்த இடத்துக்குத் தனி டிக்கெட் வாங்க வேண்டுமா?

பதில்: மேலே பதில் சொல்லிவிட்டேன். அப்படி ஓர் இடம் இல்லை.

கேள்வி: மதியம் இரண்டு மணிக்குத்தான் க்னோஸோஸ் போக முடியும். பரவாயில்லையா?

பதில்: ஜூலை, ஆகஸ்ட் என்றால் வேண்டாம். கடும் வெப்ப நாட்களில் கிரேக்க அரசே மதியத்தில் தொல்லியல் தளங்களை மூடியிருக்கிறது. மாலையில் போங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு முழங்கால் வலி. எங்கே கூட்டிப் போகலாம்?

பதில்: மியூசியத்துக்குத் தாராளமாக. க்னோஸோஸில் மரப் பலகை நடைபாதை போட்ட பகுதிகளை மட்டும் நிதானமாகப் பார்க்கட்டும். ஃபைஸ்டோஸில் படி இறங்கித்தான் ஆக வேண்டும், அவர்களுக்குச் சிரமம்.

கேள்வி: கூட்டமே இல்லாத அரண்மனை ஏதாவது?

பதில்: ஸாக்ரோஸ். தீவின் கிழக்குக் கோடி, கடலோரம். நிக்கோலாஸ் பிளாட்டோன் 1960களில் தோண்டியது. அந்த அரண்மனை கொள்ளை போகாமல் மண்ணுக்குள் கிடந்ததால் யானைத் தந்தமும் செப்புக் கட்டிகளும் கிடைத்தன. கடல் கடந்த வணிகம் எவ்வளவு பெரிது என்பதற்கு அதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. தூரம் அதிகம், ஒரு இரவு அங்கே தங்கிவிடுங்கள். 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்த்த ஆறு மினோவன் இடங்களில் இதுவும் ஒன்று, எனவே கூட்டமில்லாத நிலை நீடிக்குமா என்பது சந்தேகம்தான்.

கேள்வி: சுத்த சைவம். பட்டினி கிடக்க வேண்டியிருக்குமா?

பதில்: இல்லை. காய்ந்த பார்லி ரொட்டி மேல் தக்காளியும் வெண்ணிறப் பாலாடைக்கட்டியும் வைத்த டாக்கோஸ், வேகவைத்த கீரையில் ஆலிவ் எண்ணெய் ஊற்றிய ஹோர்டா, பெரிய வெள்ளை மொச்சையில் செய்த கிகான்டெஸ். மூன்றும் எங்கும் கிடைக்கும்.

கேள்வி: தரையில் சின்னப் பானை ஓடுகள் நிறையக் கிடக்குமாம். ஞாபகத்துக்கு ஒன்று எடுத்து வரலாமா?

பதில்: கூடாது. விரல் அளவு ஓடாக இருந்தாலும் கூடாது. 2002ஆம் ஆண்டின் 3028ஆம் எண் சட்டப்படி அது குற்றம், விமான நிலையத்தில் பிடிபட்டால் வழக்கு வரும். சட்டத்தை விடுங்கள், ஓடு எந்த இடத்தில், எந்த மண் அடுக்கில் கிடந்தது என்பதை வைத்துத்தான் அந்த அடுக்கின் காலத்தையே கணிக்கிறார்கள். இடம் மாறினால் அது வெறும் ஓடு. ஜிப்சம் பலகைகள் மேல் உட்காரவும் வேண்டாம், நகத்தால் கீறினாலே தழும்பு விழும் கல் அது. வித்தியாசமாக ஏதாவது கண்ணில் பட்டால் தொடாமல் காவலரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.