வரலாறு பிடித்த பெண்ணுக்கு எந்த மேத்ஸ்?

கேள்வி: என் மகள் சி.பி.எஸ்.இ. பள்ளியில் பத்தாம் வகுப்பு முடித்திருக்கிறாள். வரலாறு, இலக்கியம் என்றால் உயிர். சட்டமோ பொருளாதாரமோ படிக்க ஆசை. மேத்ஸ் எடுக்காவிட்டால் எதிர்காலமே இல்லை என்று ஒரு கோச்சிங் சென்டரில் பயமுறுத்துகிறார்கள். பள்ளியிலோ, மேத்ஸ் வேண்டுமானால் இயற்பியலையும் சேர்த்து எடுக்கச் சொல்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: சட்டத்துக்காக மேத்ஸ் எடுக்க வேண்டாம். தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களில் சேர எழுதும் கிளாட் நுழைவுத் தேர்வின் 120 கேள்விகளில் கணக்கு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான், அதுவும் பத்தாம் வகுப்புத் தரம். சதவீதம், விகிதம், சராசரி தெரிந்தால் சமாளித்துவிடலாம். இதற்குப் போய் இரண்டு வருட 'ஃபவுண்டேஷன்' என்று பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். மொத்தக் கட்டணத்தையும் முதல் நாளே கட்டச் சொல்வார்கள். பிள்ளை பாதியில் நின்றால் திரும்ப வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

பொருளாதாரம் அப்படியில்லை. தில்லிப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. ஆனர்ஸ் பொருளாதாரம் சேர, மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான கியூட் நுழைவுத் தேர்வில் கணிதத் தாள் எழுதியே ஆக வேண்டும். இந்த ஆசை உண்மையானதுதானா என்று மகளிடம் நிதானமாகக் கேளுங்கள். ஆம் என்றால் பிளஸ் ஒன்னில் ஏதாவது ஒரு மேத்ஸ் இருக்கட்டும்.

எந்த மேத்ஸ்? சி.பி.எஸ்.இ.யில் வழக்கமான மேத்ஸ், அப்ளைடு மேத்ஸ் என்று இரண்டு உண்டு. வழக்கமான மேத்ஸில், பன்னிரண்டாம் வகுப்பு எழுத்துத் தேர்வின் 80 மதிப்பெண்ணில் 35 கால்குலஸ் என்கிற நுண்கணிதத்துக்கே போய்விடுகிறது. அப்ளைடு மேத்ஸிலும் கால்குலஸ் உண்டு, ஆனால் அளவோடு. வீட்டுக் கடனுக்கு மாதத் தவணை எப்படி வருகிறது என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. உங்கள் மகளுக்கு என் தேர்வு அதுதான். இரண்டையும் சேர்த்து எடுக்க முடியாது.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம். நீங்கள் குறிவைக்கும் கல்லூரி அப்ளைடு மேத்ஸை ஏற்கிறதா என்று அந்தந்த ஆண்டின் சேர்க்கைக் கையேட்டைத் திறந்து நீங்களே படியுங்கள். 'மேத்ஸ்' என்று மட்டும் போட்டிருந்தால் கல்லூரிக்கு மின்னஞ்சல் எழுதி, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். 'நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்கிற அட்மிஷன் ஏஜென்டை நம்பிப் பாடத்தை முடிவு செய்யாதீர்கள். சீட் கிடைக்காத அன்று அவர் போனை எடுக்க மாட்டார்.

அப்புறம் அந்த இயற்பியல். மேத்ஸோடு இயற்பியலைக் கட்டாயம் எடுக்க வேண்டும் என்று சி.பி.எஸ்.இ. எங்கும் சொல்லவில்லை. குரூப் என்பதெல்லாம் பள்ளிகள் தங்கள் டைம்டேபிள் வசதிக்காகப் போட்டுக்கொண்டது. அந்த வசதிக்காக ஒரு பிள்ளை இரண்டு வருடம் பிடிக்காத பாடத்தோடு மல்லுக்கட்ட வேண்டுமா? முதல்வரைப் பார்த்து, வரலாறு, அரசியல் அறிவியல், பொருளாதாரத்தோடு அப்ளைடு மேத்ஸ் வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். முடியாது என்றால், மற்ற பள்ளிகளில் பிளஸ் ஒன் சேர்க்கை முடிவதற்குள் விசாரித்துவிடுங்கள்.