கனவு கண்டவரும் கனவு காணாத தாயும்

கேள்வி: செங்கல் சூளையில் வேலை செய்யும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு ஞாயிறுதோறும் மாலையில் பாடம் சொல்லித் தருகிறேன். இரண்டு ஆண்டுகளில் மூன்று இடங்கள் மாறிவிட்டோம். இப்போதிருக்கும் இடத்தையும் காலி செய்யச் சொல்கிறார்கள். ஏழைச் சிறுவர்களுக்காக உழைத்த புனிதர் தொன் போஸ்கோவைப் பார்த்து மனம் தளராதே என்கிறார் எங்கள் பங்குத்தந்தை. ஒன்பது வயதிலேயே கனவில் வழி காட்டப்பட்டவரோடு, ஒரு கனவும் காணாத நான் என்னை எப்படி ஒப்பிட்டுக்கொள்வது?
– ஒரு வாசகி, திருச்சி மாவட்டம்

பதில்: சகோதரி, கனவில் வழி காட்டப்பட்டவர் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கனவில் தெளிவான வழி என்று எதுவும் காட்டப்படவில்லை என்பதிலிருந்தே தொடங்குகிறேன்.

வட இத்தாலியில் பெக்கி என்னும் குக்கிராமத்தில் 1815இல் பிறந்த ஜான் போஸ்கோ என்னும் தொன் போஸ்கோ, இரண்டு வயது நிறையும் முன்பே தந்தையை இழந்தவர். வீட்டருகே திரளான சிறுவர்கள் விளையாடுவதாகவும், அவர்களில் சிலர் கெட்ட வார்த்தை பேசியதால் தான் பாய்ந்து சென்று அவர்களைக் குத்தியதாகவும், அப்போது தோன்றிய ஒருவர் அடியால் அல்ல, கனிவாலும் அன்பாலும்தான் இவர்களை வெல்ல வேண்டும் என்று சொன்னதாகவும் அவர் கனவு கண்டார். பின்னர் ஒரு பெண்மணி தோன்றினார். காட்டு விலங்குகள் ஆட்டுக்குட்டிகளாக மாறின. ஒன்றும் விளங்காமல் சிறுவன் அழுதான். உரிய காலத்தில் எல்லாம் புரியும் என்பதே அவனுக்குக் கிடைத்த பதில்.

மறுநாள் காலையில் வீட்டில் நடந்த பேச்சை அவரே தம் நினைவுக்குறிப்புகளில் எழுதிவைத்திருக்கிறார். ஆடு மாடு மேய்க்கப் போகிறாய் என்றார் அண்ணன் ஜோசப். ஒருவேளை குருவாவாயோ என்றார் தாய் மார்கரெட். கொள்ளைக்கூட்டத் தலைவனாவாய் என்றார் தந்தையின் முதல் மனைவிக்குப் பிறந்த மூத்த அண்ணன் அந்தோணி. கனவையெல்லாம் பொருட்படுத்தக் கூடாது என்றார் எழுத்தறியாத பாட்டி. பாட்டியின் கருத்தே தமக்கும் சரியாகப் பட்டது என்கிறார் போஸ்கோ. தம்பி படிப்பதை அந்தோணி கடுமையாக எதிர்த்ததால், பிறர் பண்ணையில் வேலையாளாகவும் அவர் காலம் தள்ள நேர்ந்தது.

1841இல் குருவானதும் துரின் நகருக்கு வந்து, பிழைப்புத் தேடி வந்த கொத்து வேலைச் சிறுவர்களை ஞாயிறுதோறும் கூட்டிச் செபிக்கவும் விளையாடவும் செய்தார். அதன் பிறகு அவர் பட்ட பாட்டைப் படிக்கும்போது உங்கள் கடிதத்தையே படிப்பதுபோல் இருக்கிறது. கல்லறைத் தோட்டத்து ஆலயத்தில் அவர்களுக்கு ஒரே ஒரு ஞாயிறுதான் வாய்த்தது. மாவு ஆலைகளின் அருகில் கிடைத்த இடத்திலிருந்து, சத்தம் தாங்கவில்லை என்ற புகாரால் வெளியேற்றப்பட்டார்கள். மொரெட்டா என்பவரின் வீட்டில் மற்றக் குடியிருப்போர் பொறுக்கவில்லை. கடைசியாக வாடகைக்கு எடுத்த வெறும் புல்வெளியிலும், பையன்கள் மிதித்துப் புல்லின் வேரே பட்டுப்போகிறது என்றார்கள் உரிமையாளர்கள். அவருக்குச் சித்தம் கலங்கிவிட்டது என்று நம்பி, மனநல விடுதிக்கு அழைத்துப்போகச் சக குருக்களே வண்டியோடு வந்த நாளும் உண்டு.

அந்தப் புல்வெளியில் தனியே நின்று அழுத மாலையில்தான், திக்கித்திக்கிப் பேசும் ஒருவர் வந்து பினார்தி என்பவரின் கொட்டகையைப் பற்றிச் சொன்னார். போய்ப் பார்த்தால், தலை நிமிர முடியாத அளவுக்குத் தாழ்ந்த கூரை. தரையைத் தோண்டித் தாழ்த்தித் தருவதாக ஒப்புக்கொண்ட பினார்தி, ஆண்டு வாடகையாக 300 பிராங்க் கேட்டார். விளையாடுவதற்குப் பக்கத்து நிலத்தையும் சேர்த்துக் கொடுத்தால் 320 தருகிறேன் என்றார் கையில் காசில்லாத போஸ்கோ. 1846 ஏப்ரல் 12, உயிர்ப்பு ஞாயிறன்று பிள்ளைகள் அங்கே கூடினார்கள். பின்னொரு நாள் அந்தச் சிற்றாலயத்துக்கு வந்த பேராயரின் தலைப்பாகை கூரையில் இடித்ததாம்.

கனவு எப்போது புரிந்தது என்றால், 1887 மே 16 அன்றுதான். உரோமையில் திரு இருதய ஆலயத்தில் திருப்பலி நிறைவேற்றியபோது அவர் திரும்பத் திரும்ப அழுதார். ஒன்பது வயதுக் கனவு கண்முன் வந்ததாகவும், அன்று காலை தாயும் அண்ணன்மாரும் பேசிய பேச்சு காதில் கேட்டதாகவும் பிறகு சொன்னார். அடுத்த ஆண்டு ஜனவரி 31இல் இறந்தார். ஆகவே அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அவரும் உங்களைப் போலவே, முழுதும் விளங்காமல்தான் அடுத்த ஞாயிற்றுக்கு இடம் தேடிக்கொண்டிருந்தார்.

அப்படியும் அவர் எட்டாத உயரத்தில் நிற்பதாகத் தோன்றினால், அவருடைய தாயைப் பாருங்கள். நான் அதிகம் நினைத்துக்கொள்வது அவரைத்தான். 1846 கோடையில் உயிர் போகும் நிலைவரை நோயுற்றுத் தேறிய மகனோடு, அந்த நவம்பரில் பெக்கியிலிருந்து துரினுக்கு நடந்தே வந்தபோது மார்கரெட்டுக்கு வயது 58. பேரப்பிள்ளைகளையும் சொந்த வீட்டையும் விட்டுவிட்டு வந்த அவர், தம் திருமண உடைகளை வெட்டித் திருப்பலி உடைகளாகவும் பீடத் துணிகளாகவும் தைத்தார். கழுத்துச் சங்கிலியையும் பிள்ளைகளின் செலவுக்காக விற்றார். அவர் தமக்கென்று எந்தக் கனவும் கண்டதாகச் செய்தி இல்லை.

சில ஆண்டுகளில் அவரும் சலித்துப்போனார். காயப்போட்ட துணி மண்ணில் கிடந்தது. தைத்துக் கொடுத்த சட்டை மறுநாளே கிழிந்தது. பாடுபட்டு வளர்த்த காய்கறிப் பாத்தியைப் போர் விளையாட்டு ஆடிய பையன்கள் மிதித்துத் துவைத்தார்கள். ஊருக்கே போய்விடுகிறேன் என்று மகனிடம் சொன்னார். போஸ்கோ வாதாடவில்லை; சுவரில் தொங்கிய பாடுபட்ட சிலுவையைக் காட்டினார். தாயின் கண்கள் நிறைந்தன. நீ சொல்வது சரிதான் என்று அவர் வேலைக்குத் திரும்பினார். 1856 நவம்பரில் இறக்கும்வரை அந்தப் பிள்ளைகளோடுதான் இருந்தார்.