ரப்பருக்கு மீட்டர் தெரியாது: பழைய கார் கேள்வி-பதில்

என்னுடையது 2009 வேகன் ஆர். மொத்தமே 78,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. 15 வருடம் முடிந்து எஃப்.சி. காட்டி 2029 வரை ஆர்.சி. வாங்கிவிட்டேன். மகன் விற்றுவிடச் சொல்கிறான், எனக்கு மனசில்லை. 2029 வரையாவது ஓட்ட என்னென்ன கவனிக்க வேண்டும்?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

ஐயா, "ஓடினது கம்மி" என்பது விற்கும்போது சொல்லிக்கொள்ள நல்ல வாசகம். ஆனால் வண்டியில் இருக்கிற ரப்பருக்கு மீட்டர் தெரியாது, காலண்டர்தான் தெரியும். ஷெட்டில் நின்றாலும் அது இறுகும், வெடிக்கும். வருடத்துக்கு ஐயாயிரம் கிலோமீட்டர் ஓடும் கார்கள் பழுதாகி நிற்பது பெரும்பாலும் இதனால்தான்.

முதலில் டைமிங் பெல்ட், அதாவது எஞ்சினில் பிஸ்டனும் வால்வும் தாளம் தப்பாமல் அசைய வைக்கிற ரப்பர் பட்டை. உங்கள் வண்டியில் இருப்பது பழைய 1,061 சிசி எஞ்சின், அதற்கு பெல்ட் உண்டு. 2010-ல் வந்த புது வேகன் ஆரில் கே-சீரிஸ் எஞ்சின் போட்டார்கள், அதில் செயின். அதனால் பக்கத்து வீட்டுக்காரர் "இந்த வண்டிக்கு அதெல்லாம் மாற்றவே வேண்டாம்" என்று சொன்னால் அவர் வண்டிக்கு அது சரி, உங்களுடையதற்குச் சரிவராது. கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று பழைய பில்களைத் துழாவுங்கள். பில் இல்லை, ஞாபகமும் இல்லை என்றால் மாற்றவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பெல்ட் அறுந்தால் வண்டி அதே இடத்தில் நிற்கும். பல எஞ்சின்களில் பிஸ்டனும் வால்வும் மோதி, எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்றுகிற வேலையாகிவிடும். சில ஆயிரத்தில் முடிகிற காரியத்தைப் பல ஆயிரத்துக்கு இழுக்க வேண்டாம். பிரிக்கும்போதே டென்ஷனர் பேரிங்கையும் அந்தப் பக்கத்து ஆயில் சீல்களையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். பெல்டைவிட அதைப் பிரிக்கிற கூலிதான் அதிகம், இரண்டு முறை கொடுப்பானேன்?

அதோடு ஃபேன் பெல்ட், ரேடியேட்டர் ஹோஸ்கள், சக்கரத்துக்குப் போகும் பிரேக் ஹோஸ்கள், எஞ்சினைத் தாங்குகிற ரப்பர் மவுன்டிங் ஆகியவற்றை மெக்கானிக்கோடு நின்று உங்கள் கண்ணால் பாருங்கள். ஹோஸை விரலால் அமுக்கினால் அமுங்கித் திரும்ப வேண்டும். மொறமொறவென்று இருந்தாலோ, கிளாம்ப் பக்கத்தில் உப்பியிருந்தாலோ மாற்றிவிடலாம். நியூட்ரலில் நிற்கும்போது ஸ்டீயரிங்கும் டாஷ்போர்டும் அதிர்ந்தால் முதலில் மவுன்டிங்கைச் சந்தேகப்படுங்கள்.

எஞ்சின் ஆயிலை கிலோமீட்டர் ஆகவில்லை என்று தள்ளிப்போடாமல் வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஆயுத பூஜைக்கு முந்தைய வாரம் என்று வைத்துக்கொண்டால் மறக்காது. கோயிலுக்கும் மார்க்கெட்டுக்கும் மட்டும் போய்வரும் வண்டியில் எஞ்சின் முழுசாகச் சூடேறுவதற்குள் நிறுத்திவிடுகிறோம். பெட்ரோல் ஆவியும் ஈரமும் ஆயிலிலேயே தங்கிவிடுகின்றன. அந்த வகையில் நெடுஞ்சாலையில் ஓடும் வண்டியைவிட உங்கள் வண்டியின் ஆயில்தான் சீக்கிரம் கெடும்.

பிரேக் ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறினால் கொதிநிலை இறங்கி, மலையிறக்கத்தில் பிரேக் மெத்தென்று போகும். கும்பகோணத்துக்காரருக்கு நிறம் சொல்லித்தர வேண்டியதில்லை: டிகாக்‌ஷன் மாதிரி கறுத்திருந்தால் நேரம் தாண்டிவிட்டது.

மகன் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. செலவுதான் அவர் கவலை என்றால், கடைசி மூன்று வருட ரிப்பேர் பில்களைக் கூட்டி 36-ஆல் வகுத்துக் காட்டுங்கள். புது வண்டியின் மாதத் தவணைக்குப் பக்கத்தில்கூட அது வராது. பாதுகாப்பு என்றால் அவர் பக்கம்தான் நான். ஓட்டுநர் ஏர்பேக் நம் நாட்டில் எல்லாப் புதுக் கார்களுக்கும் கட்டாயமானது 2019-ல். உங்கள் வண்டியில் அது இருக்க வாய்ப்பு குறைவு. ஊருக்குள் தாராளமாக ஓட்டுங்கள். குடும்பத்தோடு ராத்திரியில் சென்னைக்குப் போவதென்றால் ரயில் இருக்கிறது.

2013 மாடல் ஹேட்ச்பேக். டிராஃபிக்கில் ஏசி போட்டால் டெம்பரேச்சர் முள் மேலே ஏறுகிறது, பைபாஸில் போனால் இறங்கிவிடுகிறது. மெக்கானிக் ஒவ்வொரு முறையும் குழாய்த் தண்ணீர் ஊற்றி அனுப்புகிறார். தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிவிட்டால் சரியாகிவிடும் என்கிறார். கழற்றலாமா?
— ஜவுளிக்கடை நடத்தும் பெண், ஈரோடு

கழற்ற வேண்டாம்மா. இந்த வைத்தியத்தை நானே ஒருமுறை செய்துகொண்டு அனுபவித்திருக்கிறேன். என் பழைய சான்ட்ரோவில் ஒரு ஒர்க்‌ஷாப்காரர் என்னைக் கேட்காமலே வால்வைக் கழற்றிவிட்டார். முள் இறங்கிவிட்டது, எனக்கும் சந்தோஷம். மைலேஜ் குறைந்துகொண்டே வந்ததற்குக் காரணம் தெரிய ஆறு மாதம் ஆனது. எஞ்சின் தனக்குரிய சூட்டுக்கு வரும்வரை தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் பிடித்து வைப்பதுதான் அந்த வால்வின் வேலை. அது இல்லாவிட்டால் எஞ்சின் வெகுநேரம் குளிர்ந்தே ஓடும், பெட்ரோல் அதிகம் குடிக்கும், உள்ளே தேய்மானமும் கூடும். வால்வு திறக்காமல் மாட்டிக்கொண்டிருந்தால் புதுசு போட வேண்டுமே தவிர, எடுத்து எறியக் கூடாது.

உங்கள் கடிதத்திலேயே பாதி விடை இருக்கிறது. ஓடும்போது எதிர்க்காற்று ரேடியேட்டரைக் குளிர வைக்கிறது, நிற்கும்போது ஃபேன்தான் அதைச் செய்ய வேண்டும். நிற்கும்போது மட்டும் சூடாகிறது என்றால் முதலில் ஃபேனைப் பாருங்கள். பானெட்டைத் திறந்து, கையை உள்ளே விடாமல், ஏசியைப் போடச் சொல்லி ஃபேன் சுற்றுகிறதா என்று கவனியுங்கள். சுற்றவில்லை என்றால் மோட்டார், ரிலே, ஃபியூஸ், சென்சார் இவற்றில் ஒன்று. நன்றாகச் சுற்றியும் சூடாகிறது என்றால் ரேடியேட்டருக்கும் ஏசி கன்டென்ஸருக்கும் நடுவில் தூசி அடைத்திருக்கலாம், அல்லது உள்ளே உப்பு படிந்திருக்கலாம்.

உங்கள் ஊர் போர் தண்ணீர் என்றால் கொதிக்க வைக்கிற பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு முறையும் குழாய்த் தண்ணீர் ஊற்றும்போது அதேதான் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள் நடக்கிறது. துருவும் சேரும். தண்ணீருக்குப் பதில் ஊற்ற வேண்டிய கூலன்ட்டின் கொதிநிலை தண்ணீரைவிடக் கூடுதல், துருவைத் தடுக்கும் மருந்தும் அதில் கலந்திருக்கிறது. கடையில் இரண்டு விதமாகக் கிடைக்கும்: அப்படியே ஊற்றுவது, பாதிக்குப் பாதி தண்ணீர் கலப்பது. கேனில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு ஊற்றுங்கள். கலக்கத் தேவையானது பேட்டரிக்கு விடும் டிஸ்டில்டு வாட்டர். ஆசிட் கேனைத் தவறிக்கூட எடுத்துவிடாதீர்கள்! பச்சை, சிவப்பு, நீலம் என்ற நிறத்தை வைத்துத் தரம் சொல்ல முடியாது, அது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒரு வகையோடு இன்னொன்றைக் கலக்காமல், பழையதை முழுசாக வடித்துக் கழுவிவிட்டு மேனுவலில் சொன்ன வகையை நிரப்புங்கள்.

இன்னொரு கேள்வியை மெக்கானிக் கேட்டிருக்க வேண்டும்: ஊற்றிய தண்ணீர் எங்கே போகிறது? கூலன்ட் மூடிய சுற்றில் ஓடுவது, அடிக்கடி குறையக் கூடாது. கீழே சொட்டுகிறதா, வாட்டர் பம்ப் பக்கம் ஈரமா, ரேடியேட்டர் மூடியின் ரப்பர் தளர்ந்துவிட்டதா பாருங்கள். வெளியே எங்கும் கசிவு இல்லாமல் தண்ணீர் குறைந்து, ஆயில் மூடியின் உள்பக்கம் பால் ஏடு மாதிரி படிந்து, சைலன்சரில் வெள்ளைப் புகையும் விடாமல் வந்தால் எஞ்சின் ஹெட்டுக்கு அடியிலுள்ள சீலான ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். அதற்குப் பிறகு ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள்.

வழியில் முள் சிவப்பைத் தொட்டால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுசாகத் திருப்புங்கள். வேர்த்துக் கொட்டும், ஆனால் எஞ்சின் சூடு கொஞ்சம் இறங்கும். உடனே ஓரம்கட்டி எஞ்சினை நிறுத்துங்கள். அரைமணி நேரமாவது ரேடியேட்டர் மூடியில் கை வைக்கக் கூடாது. கொதிக்கும் தண்ணீர் முகத்தில் பீச்சியடிக்கும்.

சர்வீஸுக்கு விட்டால் எஞ்சின் ஃப்ளஷ், டீகார்பனைசிங், இன்ஜெக்டர் கிளீனிங், நைட்ரஜன் காற்று, அடிப்பகுதி கோட்டிங் என்று பெரிய பட்டியல் தருகிறார்கள். எது அவசியம்?
— செவிலியர், தூத்துக்குடி

உங்கள் ஊருக்குக் கடைசியில் சொன்னது மட்டும். உப்புக்காற்று இரும்பைத் தின்னும். ஆனால் துருவைச் சுரண்டி எடுக்காமல் மேலே கறுப்புக் கோட்டிங் அடித்தால் உள்ளே அரிப்பு நிம்மதியாகத் தொடரும், அவ்வளவுதான் வித்தியாசம். கதவுக்கு அடியிலுள்ள வடிகால் துளைகள் அடைபடாமல் பார்த்துக்கொள்வது அதைவிட முக்கியம், காசும் ஆகாது.

நாம் சுவாசிக்கும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன். மாதம் இருமுறை சாதாரணக் காற்று பிடித்துச் சரியான அளவில் வைத்தால் போதும். மற்றவற்றை ஏதாவது கோளாறு தெரிந்து, காரணம் சொன்னால் செய்துகொள்ளலாம். அந்தப் பணத்தில் ஏர் ஃபில்டரும் ஏசி ஃபில்டரும் மாற்றுங்கள். பட்டியலில் அவை ஏன் இல்லை என்றும் கேளுங்கள்.

ஸ்டெப்னி டயர் புதுசு மாதிரியே இருக்கிறது, ஒருமுறைகூடப் போட்டதில்லை. பின் டயர் தேய்ந்துவிட்டதால் அதைப் போட்டுக்கொள்ளலாமா? வண்டி 2014.
— வாசகர், மதுரை

டயரின் பக்கவாட்டில் முட்டை வடிவக் கட்டத்துக்குள் நான்கு இலக்க எண் இருக்கும். 2314 என்றால் 2014-ன் 23-வது வாரம் செய்தது. அப்படி இருந்தால் போடாதீர்கள். பட்டன் எவ்வளவு இருந்தாலும் ரப்பர் செத்துப்போயிருக்கும், சித்திரை வெயிலில் நான்கு வழிச்சாலையில் வெடிக்கிற டயர்களில் இந்த ரகமும் உண்டு. புது டயர் வாங்கும்போதும் இதே எண்ணைப் பார்த்து வாங்குங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

2012 பெட்ரோல் கார். பங்க்கில் இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்ததுதான் கிடைக்கிறது. எஞ்சின் போய்விடும் என்று வாட்ஸப்பில் பயமுறுத்துகிறார்கள்.
— வங்கி ஊழியர், திருச்சி

மறுநாளே எஞ்சின் போகாது. அதற்காக ஒன்றுமே ஆகாது என்றும் சொல்ல மாட்டேன். எத்தனாலின் எரிசக்தி பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு, அதனால் மைலேஜ் கொஞ்சம் இறங்கும். உங்கள் வண்டியின் ரப்பர் ஹோஸ்களும் கேஸ்கட்களும் இந்தக் கலவையை நினைத்துச் செய்யப்பட்டவை அல்ல, நாளாவட்டத்தில் உப்பவோ வெடிக்கவோ கூடும். பெட்ரோல் ஹோஸையும் டேங்க் பம்ப்பின் சீலையும் சர்வீஸில் பார்க்கச் சொல்லுங்கள். வண்டிக்குள் பெட்ரோல் வாடை வந்தால் அன்றைக்கே காட்டிவிடுங்கள், நாளைக்கு என்று விடக் கூடாது. எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். ஆகவே கால் டேங்க்கோடு மாதக்கணக்கில் நிறுத்தி வைக்காதீர்கள்.

கிளட்ச் செட் மாற்றியதாக ஒரு ஒர்க்‌ஷாப்பில் பில் போட்டார்கள். நான்கு மாதத்தில் மறுபடி கிளட்ச் வழுக்கியது. வேறு மெக்கானிக் பிரித்துப் பார்த்து, "இது பழைய பிளேட்டே சார்" என்கிறார். என்ன செய்யலாம்?
— கால் டாக்ஸி விட்டுவிட்டுச் சொந்த வண்டி வைத்திருப்பவர், கோவை

தம்பி, அந்த பிளேட்டை எக்காரணத்துக்கும் தூக்கிப்போட வேண்டாம். போட்டோ எடுங்கள், இரண்டாவது மெக்கானிக்கிடம் தேதி போட்டுக் கையெழுத்தோடு நாலு வரி எழுதி வாங்குங்கள். பிறகு முதல் ஒர்க்‌ஷாப்புக்குப் பில் நகலோடு பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பி 15 நாள் கொடுங்கள். பலர் இங்கேயே இறங்கி வந்துவிடுவார்கள். வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். நீங்கள் செலுத்திய தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை.

இனி எந்த வேலைக்கு விட்டாலும், ஆரம்பிக்கும் முன்பே "கழற்றின பழைய பார்ட்ஸை டிக்கியில போட்டு வைங்கண்ணே" என்று சொல்லிவிடுங்கள். உக்கடத்திலோ சென்னை புதுப்பேட்டையிலோ கழற்றிய பார்ட்ஸ் வாங்குவதை நான் தடுக்க மாட்டேன். கதவு, கண்ணாடி, ஹெட்லைட் எல்லாம் வாங்கலாம், பாதி விலைக்கும் கீழே கிடைக்கும். பிரேக், ஸ்டீயரிங், பெல்ட், டயர் இந்த நான்கையும் அங்கே வாங்காதீர்கள்.

பத்து வருடம் ஆன டீசல் காரை இனி ஓட்ட முடியாதாமே?
— வாசகர், சேலம்

டீசலுக்கு 10, பெட்ரோலுக்கு 15 வருடம் என்று நீங்கள் கேள்விப்பட்டது டெல்லியையும் சுற்றுவட்டாரத்தையும் பற்றியது. இங்கே 15 வருடம் முடிந்ததும் எஃப்.சி. காட்டி ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்கலாம். 2022 ஏப்ரலில் புதுப்பிக்கும் கட்டணத்தை 600 ரூபாயிலிருந்து 5,000 ஆக்கினார்கள். 2025 ஆகஸ்டில் 20 வருடம் தாண்டிய கார்களுக்கு 10,000 ஆக்கிவிட்டார்கள். பசுமை வரி தனி. ஆர்.சி. முடிவதற்கு ஒரு மாதம் முன்பே வண்டியை மெக்கானிக்கிடம் காட்டி, விளக்கு, ஹாரன், ஹேண்ட் பிரேக், புகைச் சான்றிதழ் எல்லாம் தயார் செய்துகொண்டு ஆர்டிஓ ஆபீஸுக்குப் போங்கள். ஒரு பல்பு எரியவில்லை என்று திருப்பி அனுப்பினால் அரைநாள் வீண்.

வண்டியை அதிகம் எடுப்பதில்லை. வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஓடவிடுகிறேன். போதுமா?
— வாசகி, நாகர்கோவில்

ஸ்டார்ட் செய்ய எடுத்த கரண்ட்டையே அந்த ஐந்து நிமிடத்தில் பேட்டரிக்குத் திருப்பித் தர முடியாது. பிரேக்கும் கியரும் டயரும் அசையவே இல்லை. அதற்குப் பதில் வாரத்துக்கு ஒருநாள், இருபது நிமிடம், கன்னியாகுமரி ரோட்டில் ஒரு சுற்றுப் போய்வாருங்கள். மழைக்காலத்தில் நிறுத்திவைக்கும்போது ஹேண்ட் பிரேக்குக்குப் பதில் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். பிரேக் லைனர் டிரம்மோடு ஒட்டிக்கொள்ளாது. மறக்காமல் கல்லை எடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.