பாலைவனத்தில் தொல்லியல்: ஓர் அம்மாவின் கேள்விக்குப் பதில்

அம்மா, உங்கள் பெண் எம்.ஏ. முடித்த கையோடு அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்துப் பக்கம் தொல்லியல் ஆராய்ச்சிக்குப் போகிறேன் என்கிறாள். "அங்கே மண்ணைத் தோண்டினால் சோறு கிடைக்குமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். பெற்றவர்கள் கேட்க வேண்டிய கேள்விதான்.

அங்கே தோண்டுவதைவிட, அந்த மண்ணின் மக்களிடம் கேட்டு நடப்பதுதான் பெரிய வேலை. பழைய ஊர்களைக் கட்டியவர்களின் வாரிசுகளான ஜூனி, ஹோப்பி, அக்கோமா பழங்குடி மக்கள் இன்றும் அதே மண்ணில் வாழ்கிறார்கள். முன்னோரின் எலும்புகளையும் புனிதப் பொருட்களையும் அவர்களிடம் திருப்பித் தரச் சொல்லி 1990-இல் சட்டம் வந்தது. 2024-இல் விதிகள் இன்னும் இறுகின. அருங்காட்சியகத்தில் இருக்கும் அப்படிப்பட்ட பொருளை ஆராயக்கூட அவர்கள் சம்மதம் வேண்டும். அதற்கே மாதக்கணக்கில் காத்திருக்க நேரலாம். பொறுமை இல்லாதவர்களுக்கு இந்தத் துறை ஒத்துவராது.

ஹிஸ்பானோ மக்களின், அதாவது அங்கே குடியேறிய ஸ்பானியரின் வழிவந்தவர்களின், கதை இன்னும் பின்னலானது. அபிகியூ என்ற ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். சிறைபிடிக்கப்பட்டு ஸ்பானியர் வீடுகளில் வேலைக்காரர்களாக வளர்ந்த பழங்குடியினரை ஹெனிசரோ என்பார்கள். அவர்களுக்கு 1754-இல் ஸ்பானிய ஆளுநர் அங்கே நிலம் கொடுத்துக் குடியமர்த்தினார். அந்த வம்சத்தினர் இன்றும் அங்கே இருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஊரில் உடைந்த பானைத் துண்டு ஒன்றைக் காட்டி, இது பழங்குடியினருடையது, இது ஸ்பானியருடையது என்று எப்படிப் பிரிப்பது? தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவேடுகளையும் புரட்ட வேண்டும். அதனால் உங்கள் பெண் ஸ்பானிஷ் படித்தே ஆக வேண்டும். இன்றைக்கே தொடங்கச் சொல்லுங்கள்.

சரி, வேலை. அமெரிக்காவில் பெரும்பாலான தொல்லியலாளர்கள் பேராசிரியர்கள் இல்லை. மத்திய அரசின் பணமோ அனுமதியோ உள்ள சாலை, குழாய்ப் பாதை போன்ற திட்டங்களில், தொல்லிடங்களுக்குப் பாதிப்பு வருமா என்று முன்கூட்டியே பார்க்க வேண்டும் என்பது 1966-இன் சட்டம். அந்த ஆய்வைச் செய்யும் தனியார் நிறுவனங்களில்தான் வேலை அதிகம். ஜிஐஎஸ், அதாவது இடத் தகவல்களைக் கணினியில் வரைபடமாக்கும் முறை, தெரிந்தால் கை கொடுக்கும். ஆனால் மத்திய அரசு வேலைகள் பெரும்பாலும் குடியுரிமை உள்ளவர்களுக்கே. விசா சிக்கலும் உண்டு. இதை மறைத்து உங்களுக்கு நம்பிக்கை கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அதனால் வீட்டை அடமானம் வைத்து இன்னொரு எம்.ஏ.வுக்கு அனுப்பாதீர்கள். கல்விக் கட்டணமும் மாத உதவித்தொகையும் தரும் பிஎச்.டி. இடத்துக்கு மட்டும் விண்ணப்பிக்கட்டும். அங்கே தொல்லியல் பெரும்பாலும் மானிடவியல் துறைக்குள்தான் இருக்கும், அந்தப் பெயரில் தேட வேண்டும். அரிசோனா பல்கலைக்கழகத்தில் மர வளையங்களை எண்ணிக் காலம் கணிக்கும் ஆய்வகம் 1937-லிருந்து இயங்குகிறது. நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தையும் பார்க்கலாம்.

அடுத்த முறை வரும்போது அவளையும் அழைத்து வாருங்கள். எந்த மக்களைப் பற்றி, என்ன தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறாள் என்று அரைப்பக்கம் எழுதிக் கொண்டுவரட்டும். அதை வைத்து எந்தப் பேராசிரியருக்கு முதலில் எழுதலாம் என்று முடிவு செய்வோம்.