விசேட மருத்துவத் துறைக்குள் நுழைவது: வாசகர் கேள்விகள்

கேள்வி: உள்ளகப் பயிற்சியை முடித்துவிட்டு நுவரெலியாப் பக்கம் வேலை பார்க்கிறேன். இருதய நோய் நிபுணராக வேண்டும் என்று ஆசை. எங்கே தொடங்குவது?

பதில்: இருதயத்தில் அல்ல, பொது மருத்துவத்தில். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகம் நடத்தும் பொது மருத்துவ எம்.டி. (நிபுணராவதற்கான பட்டப்பின் பட்டம்) தெரிவுப் பரீட்சைதான் முதல் வாசல். அதில் எடுக்கும் புள்ளியைவிட, வரிசையில் எத்தனையாவது ஆளாக நிற்கிறீர்கள் என்பதுதான் இடத்தைத் தீர்மானிக்கும். பிறகு ரெஜிஸ்ட்ராராக, அதாவது நிபுணரின் கீழ் வேலை பார்த்துக்கொண்டே பெறும் பயிற்சி, எம்.டி. இறுதிப் பரீட்சை. இருதயத் துறை அதற்கும் அப்பால், சீனியர் ரெஜிஸ்ட்ரார் காலம், வெளிநாட்டுப் பயிற்சி என்று போகும். விண்ணப்பத் தகுதியை அந்தந்த வருட அறிவித்தலில் ஒரு வரி விடாமல் வாசியுங்கள். நண்பர் சொன்னார் என்று நம்பி இருந்து, சேவைக்காலக் கணக்கில் சில நாள் குறைந்து ஒரு வருடத்தை இழந்தவர்கள் உண்டு.

பரீட்சைக்குப் படிக்கும்போது தடித்த புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து பிடித்தால் சிறுநீரகத்துக்கு வரும்போது சுவாசப்பை மறந்திருக்கும். கேள்வியை முதலில் செய்யுங்கள், தவறிய இடத்தை மட்டும் புத்தகத்தில் தேடுங்கள். வார்டையும் விடாதீர்கள். மைட்ரல் வால்வு சுருங்கிய நோயாளி வந்தால் இடப்பக்கம் சரித்துப் படுக்க வைத்து, மூச்சை வெளியே விட்டு நிறுத்தச் சொல்லி, ஸ்டெதஸ்கோப்பின் மணிப்பக்கத்தை இதய நுனியில் மெல்ல வைத்துக் கேளுங்கள். அழுத்தினால் தோல் இறுகி, மணியே தட்டையான பக்கம் போல வேலை செய்யும். அந்த நோயைக் காட்டிக்கொடுக்கும் தாழ்ந்த உருட்டல் ஒலி மறைந்துபோகும். இறுதிப் பரீட்சையில் நோயாளி முன்னால் நிற்கும்போது கைகொடுப்பது இந்தப் பழக்கம்தான்.

கேள்வி: பொகவந்தலாவையிலிருந்து எழுதுகிறேன். மகள் பேராதனையில் கடைசி வருடம். அமெரிக்காவில் தோல் நோய்த் துறை படிக்கப் போகிறேன் என்கிறாள். நடக்குமா அம்மா?

பதில்: நடக்காது என்று சொல்ல மாட்டோம். ஆனால் அங்கே வெளிநாட்டுப் பட்டதாரிகளுக்கு மிக இறுக்கமான கதவுகளில் தோல் நோய்த் துறை ஒன்று. எலும்பு, மூளை அறுவை, கண், காது-மூக்கு-தொண்டை எல்லாம் அதே வரிசை. பொது மருத்துவம், சிறுவர் மருத்துவம், மனநலம், குடும்ப மருத்துவம் ஆகியவற்றில் வழி அகலம்.

மகள் எழுத வேண்டியவை யூ.எஸ்.எம்.எல்.ஈ. எனப்படும் அமெரிக்க மருத்துவ உரிமப் பரீட்சையின் ஸ்டெப் 1, ஸ்டெப் 2 சி.கே. (நோயாளி சார்ந்த மருத்துவ அறிவு) ஆகிய பகுதிகள். 2022 ஜனவரி முதல் ஸ்டெப் 1-க்குப் புள்ளி கிடையாது, சித்தி அல்லது தவறல் மட்டுமே. அதனால் ஸ்டெப் 2 புள்ளியின் பாரம் கூடிவிட்டது. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்: சித்தியடைந்த பரீட்சையைப் புள்ளி கூட்டுவதற்காகத் திரும்ப எழுத முடியாது. மாதிரிப் பரீட்சைகளில் வேண்டிய புள்ளி தொடர்ந்து வரும்வரை திகதி எடுக்க வேண்டாம். தவறினால் அதுவும் பதிவில் நிற்கும். ஆங்கிலப் பேச்சையும் சோதித்த, நோயாளியைப் பார்க்கும் செயல்முறைப் பரீட்சை 2021-இல் கைவிடப்பட்டதால், வெளிநாட்டுப் பட்டதாரிகளின் தகுதியை உறுதிசெய்யும் இ.சி.எஃப்.எம்.ஜி. சான்றிதழுக்கு மருத்துவர்களுக்கான ஓ.ஈ.டி. ஆங்கிலப் பரீட்சையும் தேவை.

விண்ணப்பம் செப்டம்பரில் போகும், முடிவு அடுத்த மார்ச்சில் வரும், வேலை ஜூலையில் தொடங்கும். ஸ்டெப் 2 முடிவு செப்டம்பருக்குள் கையில் இருக்க வேண்டும். தோல் துறைக்கு முதல் ஒரு வருடம் பொதுப் பயிற்சி, பிறகு மூன்று வருடம். அந்த முதல் வருடத்தை இங்குள்ள உள்ளகப் பயிற்சி பொதுவாக ஈடுசெய்யாது. புள்ளி நேர்முகத்துக்குக் கூப்பிட வைக்கும். எடுத்துக்கொள்ள வைப்பது பெரும்பாலும் அங்குள்ள தோல் நிபுணர் எழுதும் பரிந்துரைக் கடிதம். அதற்கு அங்கே போய் சில வாரமாவது அவரோடு வேலை செய்திருக்க வேண்டும். நேர்முகங்களுக்குப் பிறகு, எந்தப் பயிற்சி இடம் முதலில் வேண்டும் என்ற விருப்ப வரிசை கொடுக்கும்போது ‘இது கிடைக்காது’ என்று நினைத்து ஒன்றைக் கீழே தள்ள வேண்டாம். ஆளையும் இடத்தையும் பொருத்தும் கணினிக் கணக்கு விண்ணப்பதாரரின் விருப்பத்திலிருந்து தொடங்குவதால், மனதில் உள்ள வரிசையே சரி. ஜே-1 எனப்படும் பரிமாற்றப் பயிற்சி விசாவில் போனால் பயிற்சி முடிந்து இரண்டு வருடம் நாடு திரும்ப வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. நமது சுகாதார அமைச்சின் கடிதமும் வேண்டும்.

தோட்டத்துக் குடும்பங்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்துக்கூட்டல், அடையாள அட்டையில் இன்னொன்று, பட்டச் சான்றிதழில் தந்தை பெயர் சுருக்கம் என்று இருப்பது நமக்கு வழமை. பரீட்சைப் பதிவுப் பெயர் கடவுச்சீட்டோடு அப்படியே ஒத்திராவிட்டால் பரீட்சை மண்டப வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். பட்டச் சான்றிதழில் பெயர் வேறுபட்டால் ஆதாரம் காட்ட வேண்டும். பெயர்த் திருத்தத்தை மகள் கடைசி வருடத்தில் இருக்கும் இப்போதே தொடங்குங்கள். அலுவலகம் அலுவலகமாக அலைய மாதங்கள் போகும்.

கேள்வி: வேலையை விட்டுவிட்டு முழுநேரமாகப் படிக்கலாமா?

பதில்: வேண்டாம். சேவைக்காலம் அறுந்துபோகும், நோயாளியைத் தொடும் கை மறந்துபோகும். பரீட்சைக்கு முன் விடுமுறை எடுப்பது வேறு விஷயம். அதை ரோஸ்டர் (வேலை முறை அட்டவணை) போடுபவரிடம் இரண்டு மாதம் முன்பே சொல்லிவையுங்கள்.

கேள்வி: டிக்கோயா போன்ற ஆதார வைத்தியசாலையிலிருந்து ஆய்வு செய்ய முடியுமா? பெரிய இடத்தில் இருப்பவர்களுக்கு மட்டும்தானா?

பதில்: பெரிய ஆய்வு கஷ்டம், ஓடிட் (செய்ய வேண்டியது நடக்கிறதா என்று எண்ணி, திருத்தி, மறுபடி எண்ணுவது) தாராளமாகச் செய்யலாம். நீரிழிவு க்ளினிக்கில் 50 கோப்புகளை எடுங்கள். கடந்த ஒரு வருடத்தில் பாதத்தின் உணர்ச்சியை மோனோஃபிலமெண்ட் என்ற மெல்லிய நைலோன் இழையால் சோதித்த பதிவு எத்தனை பேருக்கு இருக்கிறது என்று எண்ணுங்கள். குறைவாக இருந்தால் கோப்பின் முன்பக்கத்தில் ஒரு முத்திரைக் கட்டம் போடுங்கள். மூன்று மாதம் கழித்து இன்னொரு 50 கோப்பு. இரண்டாவது எண்ணிக்கை இல்லாவிட்டால் அது ஓடிட் அல்ல, வெறும் கணக்கெடுப்பு. நேர்முகத்தில் முதலில் தட்டிக் கேட்பது அதைத்தான்.

ஒரே நோயாளியைப் பற்றிய அறிக்கையும் எழுதலாம். காய்ச்சலோடு வரும் கொழுந்துத் தொழிலாளியின் இடுப்பிலோ அக்குளிலோ, சிகரெட் சுட்டது போன்ற கறுப்புப் பொருக்கைத் தேடுங்கள். சிறு உண்ணிப் பூச்சி கடித்து வரும் ஸ்க்ரப் தைபஸ் காய்ச்சலில் காணப்படும் அந்த அடையாளம், ஆடை கழற்றாமல் பார்ப்பதால் தவறிவிடும். டொக்சிசைக்ளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கொடுத்து 48 மணித்தியாலத்தில் காய்ச்சல் இறங்கியதா என்பதையும் குறித்து வைத்தால் ஒரு நோயாளி அறிக்கைக்கு நல்ல பொருள். 1887-இலிருந்து வரும் சிலோன் மெடிக்கல் ஜர்னல் போன்ற இதழ்களுக்கு அனுப்பிப் பார்க்கலாம். புகைப்படம் எடுப்பதற்கு முன் நோயாளியின் எழுத்து மூல சம்மதத்தை அவருக்கு விளங்கும் தமிழில் வாங்குங்கள். ஆய்வென்றால் தரவு சேர்க்கும் முன்பே நெறிமுறைக் குழுவின் அனுமதி எடுங்கள். சேர்த்து முடித்தபின் கேட்டால் பொதுவாகக் கொடுக்க மாட்டார்கள்.