பெரிய மாமா சொல்லும் கல்லூரியில் பாடம் நடத்துவது யார்?

உங்கள் மகள் புள்ளியியல் படிக்க வேண்டும் என்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். பெரிய மாமாவோ “நாக்கில் ஏ பிளஸ் பிளஸ் வாங்கிய காலேஜ்” என்று சொல்லி, மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு முன்பணம் கட்டச் சொல்கிறார். உங்கள் பதற்றம் புரிகிறது. ஆனாலும் பணம் கட்டாதீர்கள்.

நாக் (NAAC) என்பது கல்லூரிகளை மதிப்பிட்டுக் கிரேடு தரும் தேசிய அமைப்பு; அந்த கிரேடு கல்லூரி முழுமைக்குமானது. பாடப்பிரிவு வாரியாகப் பார்ப்பது என்.பி.ஏ. எனும் தேசிய அங்கீகார வாரியத்தின் அங்கீகாரம்; கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு அது இருக்கிறதா, எந்த ஆண்டுவரை என்று பாருங்கள். மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையில், பொறியியல் பிரிவில் கற்பித்தலுக்கும் வளங்களுக்கும் 30 சதவீத மதிப்பு. அதுவும் பெரும்பாலும் ஆசிரியர் எண்ணிக்கை, பிஎச்.டி., செலவு என்று கல்லூரியே எழுதித் தரும் கணக்குதான். அண்ணா பல்கலையின் இணைப்புக் கல்லூரிகள் பலவற்றில் ஒரே ஆசிரியரை ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் காட்டியிருந்தது 2024இல் அம்பலமானது.

வேலை நாளில் நேரில் போங்கள். அட்மிஷன் அறையில் அல்ல, கேன்டீனில் உட்காருங்கள். மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் “நல்லா நடத்துறாங்களா?” என்றால் தலையாட்டிவிடுவார்கள். போன செமஸ்டரில் ஐந்தாவது யூனிட் எப்போது முடிந்தது, இன்டர்னல் விடைத்தாள் திருத்திக் கைக்கு வந்ததா, நடுவில் எத்தனை ஆசிரியர் மாறினார்கள் என்று கேளுங்கள். கடைசி யூனிட் வாட்ஸ்அப்பில் பிபிடியாக வந்தது என்றால் வேறு விசாரணை வேண்டாம். 20 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்பது தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் ஏஐசிடிஇயின் கணக்கு: ஆண்டுக்கு 60 சீட் என்றால் நான்காண்டுக்கு 240 பேர், 12 ஆசிரியர். இணையதளத்தில் உள்ள பெயர்களைக் காட்டி, “இவர்களில் யாரிடம் படித்தாய்?” என்று கேளுங்கள்.

இனி, மகள் கேட்பது. அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கு டிஎன்காசா (TNGASA) எனும் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். சென்னை மாநிலக் கல்லூரியில் பி.எஸ்சி. புள்ளியியல் இருக்கிறது. கட்டணம் மாமா சொல்லும் முன்பணத்துக்குப் பக்கத்தில்கூட வராது. நிகழ்தகவு, மாதிரிக் கணக்கெடுப்பு, சோதனை வடிவமைப்பு எல்லாம் மூன்றாண்டில் அடிப்படையிலிருந்து வரும். டேட்டா சயின்ஸ் என்று விளம்பரம் செய்வதன் அடிவேர் இதுதான். பிறகு ஐஐடி எம்.எஸ்சி. சேர்க்கைக்கான ஜாம் நுழைவுத் தேர்வில் கணிதப் புள்ளியியல் தாள் எழுதி கான்பூர், பம்பாய் ஐஐடிகளில் எம்.எஸ்சி.க்குப் போகலாம். யுபிஎஸ்சி நடத்தும் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வுக்குப் புள்ளியியலை ஒரு பாடமாகப் படித்த பட்டமே போதும்.

அரசுக் கல்லூரி என்பதற்காக விசாரிக்காமல் விடாதீர்கள். துறையில் நிரந்தரப் பேராசிரியர் எத்தனை, கௌரவ விரிவுரையாளர் எத்தனை, ‘ஆர்’ (R) எனும் புள்ளியியல் மென்பொருள் பயிற்சிக்கு ஒரு கம்ப்யூட்டரில் எத்தனை பேர் என்று அங்கேயும் கேளுங்கள். மகளையும் கூட்டிப்போங்கள், கேள்விகளை அவளே கேட்கட்டும். மாமா வேண்டாம்.