ஒரே ஒரு அளவில் வேலை போய்விடுமா?

கேள்வி: கிடங்கில் மூட்டை ஏற்றி இறக்கும் வேலைக்குத் தேர்வாகியிருக்கிறேன். உடற்தகுதிச் சோதனையில் ரத்த அழுத்தம் 152/94 என்று வந்ததால் ‘தற்காலிகமாகத் தகுதியில்லை’ என்று எழுதிவிட்டார்கள். பணம் கொடுத்தால் வேறு சான்றிதழ் வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: கூடாது. அந்த ஆள் கொண்டுவரும் காகிதத்தில் உங்களைப் பார்த்தே இராத மருத்துவரின் கையெழுத்து இருக்கும். சோடாப்புட்டிக் கண்ணாடி அணிந்த ஒருவர், ‘கண்ணாடியின்றிப் பார்வை 6/6’ என்ற சான்றிதழோடு என் முன்னால் வந்து நின்றிருக்கிறார். நாளை வேலையில் அடிபட்டு இழப்பீடு கேட்டால், முதலில் கிளறப்படுவது அந்தக் காகிதம்தான். அப்போது தரகர் தொலைபேசியை எடுக்கமாட்டார்.

‘தற்காலிகமாக’ என்றுதானே எழுதியிருக்கிறார்கள்? ஒரே நாள் அளவை வைத்து இந்த எண்ணுக்கு ரத்தக்கொதிப்பு என்று முத்திரை குத்துவதில்லை. ஐந்து நிமிடம் சாய்ந்து உட்காரவைத்து, பேச்சுக் கொடுக்காமல் அளக்க வேண்டும். பருத்த கையில் சிறிய பட்டையைச் சுற்றினாலே எண் ஏறிவிடும். வாசல்வரை வரிசை நிற்கும் இடத்தில் இதையெல்லாம் யார் பார்க்கிறார்கள்! முதுகெலும்பு எக்ஸ்ரே மட்டும் தவறாமல் கேட்பார்கள். யாருக்கு முதுகுவலி வரும் என்று அது சொல்லாது. மூட்டை எத்தனை கிலோ, எவ்வளவு உயரம் தூக்க வேண்டும் என்று கேட்கும் படிவத்தை நான் பார்த்தது அபூர்வம்.

வீட்டில் ஒரு வாரம் காலையும் மாலையும் இரண்டிரண்டு முறை அளந்து குறித்துவையுங்கள். முதல் நாளை விட்டுவிட்டு மற்றவற்றின் சராசரி பாருங்கள். 135/85க்குக் கீழே இருந்தால் சோதனை அறைப் பதற்றம்தான் காரணமாக இருக்கும். அதைத் தொட்டாலோ தாண்டினாலோ மருத்துவரிடம் போய்ச் சிகிச்சையைத் தொடங்குங்கள். கட்டுக்குள் வந்துவிட்டால் பெரும்பாலும் இந்த வேலைக்குத் தடையிருக்காது.

ஒரு விலக்கு உண்டு. அடுக்குகள்மீது ஏறி இறக்குவதும் உங்கள் வேலையா? சில மாத்திரைகள், குறிப்பாகத் தொடங்கிய நாட்களில், எழுந்து நின்றதும் தலைசுற்ற வைக்கும். தரையில் நிற்பவர் சுவரைப் பிடித்துச் சமாளிப்பார். ஏணியில் நிற்பவர் எதைப் பிடிப்பார்? உயரத்தில் வேலை என்பதை மாத்திரை எழுதும் மருத்துவரிடமும் தகுதி பார்ப்பவரிடமும் நீங்களே சொல்லுங்கள், அவர்களாக விசாரிக்கமாட்டார்கள். தலைசுற்றல் நிற்கும்வரை தரைவேலை கேளுங்கள்.

மறுசோதனைக்குக் குறிப்பேட்டை எடுத்துப் போங்கள். அரை மணி நேரம் முன்பிருந்தே காபியும் புகையும் வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு உட்காருங்கள். பட்டை இறுக்கமாக இருந்தால் பெரியதைக் கேளுங்கள், முறைத்தாலும் கேளுங்கள்.